வாசிக்கும் முன் பத்து நிமிடம்!

யூனியன் விழா என்றாலே நமக்கு லைட் மியூசிக்தான். கீழே உட்கார்ந்து விசிலடிப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். கீபோர்டு வாசிக்கும் எனக்கோ, திரை விலகும்போதே விரல் ஜில்லிட்டுவிடும்; தோள் காது வரைக்கும் ஏறிவிடும். விழா முடிந்தால் இரண்டு நாள் மணிக்கட்டு வலி. "இன்னும் நாலு மணி நேரம் பிராக்டிஸ் பண்ணுடா, எல்லாம் சரியாயிடும்" என்பார்கள். சரியாகுமா?

ஜெர்மனியில் 1810-ல் பிறந்த ராபர்ட் ஷூமன், பெரிய பியானோ கலைஞராக வேண்டும் என்று கனவு கண்டவர். விரலுக்கு வலுவேற்ற ஒரு கருவியைக்கூட மாட்டிப் பழகினார். 1830-களின் தொடக்கத்தில் அவருடைய வலது கை விரல் சொன்னபடி கேட்கவில்லை. காரணம் அந்தக் கருவிதானா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் பியானோக் கனவு அத்தோடு முடிந்தது. இசையமைப்பாளராகத்தான் புகழ் பெற்றார். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கும் 1960-களில் வலது கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. ஏறத்தாழ 30 ஆண்டுகள் பெரும்பாலும் இடது கையால் மட்டுமே வாசித்தார்.

'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' வகுப்பில் 'ஃபெட்டீக்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன லோடுதான், லட்சக்கணக்கான தடவை விழுந்தால் எஃகே முறிந்துபோகும். நம் தசைக்கும் அதே கதி. ஒரே ஒரு வித்தியாசம்: எஃகுக்கு ஓய்வு கொடுத்தாலும் விரிசல் மூடாது, உடம்பு தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளும்.

அந்த ஓய்வையே ஒரு பயிற்சியாக்கியதுதான் சீனர்களின் சீகுங். (பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள்!) 'சீ' என்றால் மூச்சு, உயிராற்றல், 'குங்' என்றால் விடாமல் பழகிப் பெறும் திறமை. சீனாவின் மாவாங்துயில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-ல் தோண்டினார்கள். பயிற்சி செய்யும் 44 உருவங்கள் வரைந்த பட்டுத்துணி அதில் கிடைத்தது! ஆனால் சீகுங் என்ற பெயர் பரவலானது 1950-களில்தான்.

செய்வது எப்படி?

கராத்தே மாஸ்டர் ஒருவர் எனக்குச் சொல்லித் தந்தது இது. பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்துங்கள். தோளைக் கீழே விடுங்கள். அடிவயிறு அசையும்படி மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுங்கள். மூச்சை அடக்கிப் பிடிக்கவே கூடாது.

பிறகு 'பாதுவான்ஜின்' என்ற எட்டுப் பயிற்சிகளில் முதல் இரண்டு. ஒன்று, விரல்களைக் கோத்து, உள்ளங்கை வானம் பார்க்க இரு கைகளையும் உயர்த்துவது. இரண்டு, வில்லை வளைத்து அம்பு விடுவது போல, இடமும் வலமும் மாறி மாறி மார்பை விரிப்பது. வாத்தியத்தின் மேல் கவிழ்ந்தே கிடக்கும் நமக்கு இந்த இரண்டாவது அருமருந்து.

பலன் உண்டா?

மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. இது உடலியல் சொல்லும் உண்மை. போர்ச்சுகலில் புல்லாங்குழல் கற்கும் சிறுவர்களிடம், மேடை பயத்துக்குச் சீகுங் உதவுமா என்று ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. அதை வைத்துப் பெரிதாக மார்தட்ட முடியாது. 'சீ' என்ற ஆற்றலை அளக்க நம் லேபில் மீட்டரும் கிடையாது. அதை நம்பித்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை.

என் கதை? நடுக்கம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் தோள் ஏறுவது இப்போது எனக்கே தெரிகிறது, உடனே இறக்கிவிடுகிறேன். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதையும் விட்டுவிட்டேன். விரல் மரத்துப்போனாலோ வலி நீடித்தாலோ டாக்டரைப் பாருங்கள்; அதற்குச் சீகுங் மாற்று அல்ல.

டிராயிங் போர்டில் மணிக்கணக்காகக் குனியும் நண்பர்களே, இது உங்களுக்கும்தான்! தேய்ந்த பேரிங்கை மாற்றிவிடலாம். கை ஒரு ஜோடிதானே!