வாடகை சைக்கிளும் கணிப்பொறி இணைப்பும்

சென்ற தலைமுறையில் ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்தது. பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்தில் அப்படி ஒரு கடை, அதில் பத்து சைக்கிள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வேலை முடிந்து திருப்பித் தந்ததை அடுத்தவர் எடுத்துச் செல்வார். ஆளுக்கொரு புதுச் சைக்கிள் வாங்கினால் கட்டுபடியாகுமா?

இதே ஏற்பாடு கணிப்பொறியிலும் உண்டு. தேர்வு முடிவு, பஸ் முன்பதிவு போன்ற விவரங்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். கேள்விக்கொரு புது இணைப்பு ஏற்படுத்தினால், அடையாளம் சோதிப்பதிலும் நினைவகம் ஒதுக்குவதிலும் நேரம் வீணாகும். ‘போஸ்ட்கிரெஸ்’ என்னும் தரவுத்தளம், நாம் மாற்றாதவரை, பொதுவாக 100 இணைப்புகளையே அனுமதிக்கும். ஆகவே சில இணைப்புகளை முன்பே திறந்து வைத்து, மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். இதுவே இணைப்புத் தொகுப்பு. ஒரு கேள்விக்கு 10 மில்லி செகண்டு பிடித்தால், 20 இணைப்புகள் செகண்டுக்கு 2,000 கேள்விகளைக் கவனித்துவிடும்!

ஆனால் ஒருவர் பஞ்சரான சைக்கிளை ஆலமரத்தடியில் போட்டுவிட்டுப் போனால்? கடையில் ஒன்று குறையும். நிரலிலும் இப்படி நேர்வதுண்டு. இணைப்பை எடுத்த பகுதி, நடுவில் பிழை ஏற்பட்டதும், திருப்பித் தரும் வரியை எட்டாமலே வெளியேறிவிடும். இருபது முறை இப்படி நேர்ந்தால் தொகுப்பு காலி. தரவுத்தளம் நலமாகவே இருக்கும். வாசலில் வரிசை மட்டும் நகராது. இணைப்புகளைக் கூட்டினால் தீருமா? தீராது, முடக்கம் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவே.

இதற்கு மருந்து என்ன? எடுப்பதும் தருவதும் ஐம்பது இடங்களில் சிதறியிருந்தால், ஐம்பது இடங்களிலும் மறதிக்கு வாய்ப்புண்டு. முதலில் அவற்றை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். வெளிப்பயன் மாறாமல் உள்ளமைப்பை மட்டும் ஒழுங்குபடுத்தும் இவ்வேலையே ‘ரீஃபாக்டரிங்’, அதாவது மறுசீரமைப்பு. பிறகு, பிழை நேர்ந்தாலும் இணைப்பு திரும்பியே தீரும்படி அந்த ஓரிடத்தைத் திருத்தினால் போதும். அரைகுறையாக நின்ற வேலையை ரத்து செய்துவிட்டே இணைப்பைத் திருப்ப வேண்டும். இல்லையேல் அடுத்தவருக்குப் பஞ்சர் சைக்கிள்தான் கிடைக்கும்! கடைசியாக, வேண்டுமென்றே பிழை உண்டாக்கி, போன இணைப்புகள் எல்லாம் திரும்பினவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கெனவே ‘பிஜி பவுன்சர்’ என்னும் திறந்த மூல மென்பொருள் 2007-இல் வெளிவந்தது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். படிக்கும்போது முதலில் ஒன்றைத் தேடுங்கள்: எடுத்த இணைப்பு எங்கே திரும்புகிறது?