மேலாளர் வந்தார்... அவர் ஆணா, பெண்ணா?

“மேலாளர் கூட்ட அறைக்குள் வந்தார். எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ‘வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும், சாக்குப்போக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.”

வந்தது யார்? ஆணா, பெண்ணா?

தமிழ் இங்கே எதையும் சொல்லவில்லை. மேலாளர், தலைவர், இயக்குநர், வந்தார், சொன்னார்... மரியாதைக்குரிய ‘ர்’ விகுதிக்கு ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. ஆனாலும் படிக்கும்போதே நம்மில் பலருக்கு முழுக்கைச் சட்டை போட்ட ஓர் ஆண் கண்முன் வந்திருப்பார். மொழி காலியாக விட்ட இடத்தை மனசு நிரப்பிவிடுகிறது.

இது புதுசு இல்ல. 1973இல் வர்ஜீனியா ஷைன் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், காப்புறுதி நிறுவனங்களில் வேலை செய்த ஆண் மேலாளர்களிடம் 92 சொற்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்தார். ஆண்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள் என்று சிலரிடம் கேட்டார். பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வேறு சிலரிடம் கேட்டார். மற்றவர்களிடம், வெற்றிகரமான மேலாளர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். மேலாளருக்குச் சொன்ன குணங்கள் பெரும்பாலும் ஆணுக்குச் சொன்ன குணங்களோடு ஒத்துப்போயின. இரண்டு ஆண்டு கழித்துப் பெண் மேலாளர்களிடம் கேட்டபோதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

‘ஆண் பாணி’, ‘பெண் பாணி’ என்றால் என்ன?

சட்டென்று முடிவெடுப்பது, உத்தரவு போடுவது, இலக்கைத் துரத்துவது, போட்டிக்கு நிற்பது. இதெல்லாம் ‘ஆண் பாணி’ என்று பெயர் வாங்கிவிட்டது. காதுகொடுத்துக் கேட்பது, கலந்து பேசுவது, அரவணைப்பது, புதியவரை வளர்த்துவிடுவது ‘பெண் பாணி’.

பிறவியிலேயே அப்படியா? 1990இல் ஆலிஸ் ஈக்லி, பிளேர் ஜான்சன் இருவரும் 160க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பெண் மேலாளர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கலந்து பேசி முடிவெடுத்தார்கள். ஆனால் ‘ஆண் வேலையைப் பார்ப்பார், பெண் மனுஷங்களைப் பார்ப்பார்’ என்ற பிரிவினை, உண்மையான வேலையிடங்களில் தென்படவில்லை.

தேசிய சேவை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொண்டை கிழியக் கத்திய சார்ஜண்டும் இருந்திருப்பார். நீண்ட நடைக்குப் பிறகு, ‘கால்ல கொப்புளம் வந்திருக்கா, காட்டு’ என்று பக்கத்தில் உட்கார்ந்த சார்ஜண்டும் இருந்திருப்பார். ரெண்டு பேரும் ஆம்பளைங்கதான்.

ஆக, ஆண், பெண் என்பது குணத்துக்கு ஒட்டிய சீட்டு. சிக்கல் எங்கே என்றால், ஒரே குணத்துக்கு ஆளைப் பார்த்து வேறு வேறு விலை போடுகிறோம்.

கண்டிப்புக்கு என்ன விலை?

ஆன் ஹாப்கின்ஸ் என்ற பெண்ணின் வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும்.

அவர் அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்தார். 1982இல் அங்கே பங்குதாரர் பதவிக்கு 88 பேர் முன்மொழியப்பட்டார்கள். அதில் அவர் ஒருவர் மட்டுமே பெண். அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து ஏறக்குறைய 25 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

பதவி கிடைக்கவில்லை. அவர் ரொம்பக் கடுமை என்றார்கள். ஊழியர்களிடம் அவர் கறாராக நடந்துகொண்டார் என்ற குறை உண்மையிலேயே இருந்தது. ஆனால் பேச்சு அங்கே நிற்கவில்லை. ஒருவர் அவரை ‘ஆண்மாதிரி’ என்று விவரித்தார். இன்னொருவர், நளினம் சொல்லித்தரும் வகுப்புக்கு அவர் போகலாம் என்றார். முடிவை அவரிடம் விளக்கிய மேலதிகாரி, இன்னும் பெண்தன்மையோடு நடக்கவும் பேசவும் உடுத்தவும் சொன்னார். ஒப்பனை போட்டுக்கொள்ளவும் நகை அணியவும்கூட ஆலோசனை தந்தார்!

முன்னால போனா கடிக்குது, பின்னால போனா உதைக்குது. கறாராக இல்லாவிட்டால் ஒப்பந்தம் கைக்கு வராது. கறாராக இருந்தால் பதவி வராது.

ஹாப்கின்ஸ் வழக்குப் போட்டார். பெண் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை வைத்து ஓர் ஊழியரை எடைபோடுவதும் பாகுபாடுதான் என்பதை 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அடுத்த ஆண்டு கீழ் நீதிமன்றம் அவரைப் பங்குதாரராக்க உத்தரவிட்டது.

அரவணைப்புக்கு என்ன விலை?

அதற்குப் பெரும்பாலும் விலையே இல்லை. உங்க ஆபீஸையே எடுத்துக்குங்க. கூட்டக் குறிப்பு எழுதுவது யார்? பிறந்தநாள் கேக்குக்குக் காசு சேர்ப்பது யார்? வேலைப்பயிற்சிக்கு வந்த மாணவரைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் அறிமுகப்படுத்துவது?

ஆய்வாளர்கள் நால்வர் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனை சுவையானது. மூன்று பேர் ஒரு குழு. இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கணினியில் பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 2 டாலர். யாருமே அழுத்தாவிட்டால் எல்லாருக்கும் 1 டாலர்தான். அதாவது, யாராவது செய்தே ஆகவேண்டும், ஆனால் செய்கிறவருக்குக் குறைச்சல். ஆபீஸ் வேலை மாதிரியே!

ஆண், பெண் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ‘பொண்ணுங்களுக்கு இயல்பாவே உதவுற மனசு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் என்ன நடந்தது தெரியுமா? பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் எப்படியோ, ஏறக்குறைய அப்படியே ஆண்களும் அழுத்தினார்கள். பெண் பக்கத்தில் இருந்தால், அவர் செய்வார் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவரும் அதை எதிர்பார்த்தே செய்துவிடுகிறார்.

2005இல் வந்த இன்னோர் ஆய்வும் இதோடு சேரும். சக ஊழியருக்கு உதவிய ஆணுக்கு மதிப்பு கூடியது. உதவிய பெண்ணுக்குக் கூடவில்லை. உதவ மறுத்த பெண்ணுக்கோ மதிப்பு இறங்கியது.

இத்தனைக்கும் இது சும்மா செய்கிற உபகாரம் இல்லை. கூகல் தன் 180 குழுக்களை ஆராய்ந்தபோது, பயமில்லாமல் வாய் திறந்து பேசமுடிகிற குழுக்களே சிறப்பாகச் செயல்படுவதாகக் கண்டது. அந்த நம்பிக்கையை உருவாக்க, யாராவது உட்கார்ந்து கேட்கவேண்டும். அதேநேரம் அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளி மூச்சுக்குத் திணறும்போது வாக்கெடுப்பு நடத்தமுடியாது. அங்கே உத்தரவுதான் உயிரைக் காப்பாற்றும். நல்ல தலைவருக்கு இரண்டும் கைவசம் இருக்கணும், எது எப்போ என்றும் தெரியணும்.

சிங்கப்பூரில்?

ஓசிபிசி வங்கியை 2021இல் ஹெலன் வோங்கும் டிபிஎஸ் வங்கியை 2025 மார்ச்சில் டான் சூ ஷானும் தலைமையேற்றார்கள். இரண்டு வங்கிகளுக்கும் அவர்களே முதல் பெண் தலைமை நிர்வாகிகள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ள 100 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் சபைகளில் 2030க்குள் 30 விழுக்காட்டு இடம் பெண்களுக்கு என்பது இலக்கு. எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் நாற்காலிக்கு வந்த பெண், பழைய பாஸ் மாதிரியே நடந்தால்தான் மதிப்பு என்றால் அது பாதிக் கிணறு தாண்டின கதை.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், நடப்புக்கு வந்ததும் பதவி உயர்விலும் பாலினப் பாகுபாடு காட்டத் தடை விதிக்கும். ஆனால் ‘அவங்க ரொம்ப எமோஷனல்’ என்று தேநீர் இடைவேளையில் சொல்லப்படுவதைச் சட்டம் எப்படிப் பிடிக்கும்?

ஆண்களுக்கும் இதில் அடி உண்டு. கலந்து பேசுகிற ஆணுக்கு ‘முடிவெடுக்கத் தெரியல’ என்று பெயர். தந்தையர் விடுப்பு 2025 ஏப்ரலிலிருந்து நான்கு வாரம். ‘நாலு வாரமும் எடுக்கப்போறியா?’ என்று கேட்கும் மேலதிகாரியின் குரலில் இருப்பதும் இதே கணக்குதான்.

நீங்க என்ன செய்யலாம்?

வருடாந்தர மதிப்பீட்டுப் படிவத்தில் ‘புதியவர்களுக்கு உதவினேன்’ என்று எழுதாதீர்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை வாரத்தில் அவர்கள் தனியாக வேலை செய்ய ஆரம்பித்தார்கள் என்று எழுதுங்கள். எண்ணோடு எழுதினால் அது வேலையாகத் தெரியும்.

மேலாளரை மதிப்பிடும் படிவம் உங்கள் கைக்கு வந்தால், ‘கண்டிப்பானவர்’ என்று எழுதும் முன் ஒரு நொடி நில்லுங்கள். அதே வார்த்தையை அவர் ஆணாக இருந்தால் எழுதுவீர்களா? பெண்ணாக இருந்தால்?

கூட்டக் குறிப்புக்கு வழி இன்னும் சுலபம். ‘யார் எழுதுறீங்க?’ என்று கேட்டால்தான் அந்தப் பொத்தான் விளையாட்டு தொடங்கும். முறை வைத்துவிட்டால் காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த தடவை உங்களைப் பார்த்து அந்தக் கேள்வி வந்தால், சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: “போன வாரம் நான். இந்த வாரம் யாரோட முறை?”

பெயர் வரிசைப்படி போனால் அது பாஸோட முறையாகவும் இருக்கலாம்.