பந்தயத்துக்குப் போகும் மோட்டார் சைக்கிள்: முதலில் முன் போர்க்கைக் கவனியுங்கள்!

புனே இரு சக்கர வண்டிகளின் ஊர். ஆகுர்டியில் ஸ்கூட்டர் செய்த பஜாஜ் கம்பெனி, சாகன் தொழிற்சாலையில் இருந்து 2001-ல் பல்சரை வெளியிட்டது. பிம்பிரி, கட்கி, தேஹுரோடு பகுதிகளில் வேலை பார்க்கும் நம் இளைஞர்களில் பந்தய ஆசை உள்ளவர்களும் உண்டு.

ஆசை வந்ததும் அவர்கள் சம்பளப் பணத்தை எல்லாம் என்ஜினில் கொட்டுகிறார்கள். ஆனால் சிறிய வண்டியில் நேரம் மிச்சமாவது பெரும்பாலும் வளைவில்தான். அங்கே முன் சக்கரம் வழுக்கினால் பணமும் போச்சு, கை காலும் போச்சு.

ஏன் அமுங்குகிறது?

கம்பெனி போர்க் குண்டும் குழியுமான ரோட்டுக்காகச் செய்யப்பட்டது. அதன் ஸ்பிரிங் மிருதுவானது. பந்தயத்தில் பலமாகப் பிரேக் பிடித்தால் எடையில் பெரும் பகுதி முன்னால் வந்து விழுகிறது. போர்க் அடிவரை அமுங்கிவிடுகிறது. அதன் பிறகு சிறு மேடு வந்தாலும் டயர் துள்ளும். துள்ளும் டயருக்குத் தரையில் பிடிப்பு கிடையாது.

போர்க்கில் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஆயில் சிறு துளைகள் வழியே புகுந்து ஆட்டத்தை அடக்குகிறது. பெரம்பூர் ஐ.சி.எப்.-பில் பல ஆண்டுகள் தயாரான ரயில் பெட்டிகளின் சக்கரங்களுக்கு மேலும் இதே தத்துவம்தான்: சுருள் ஸ்பிரிங், அதற்குள் எண்ணெய், துளைகள்.

செலவில்லாத சோதனை

கோன் செட்டில் ஆட்டம், போர்க் பைப்பில் வளைவு, ஆயில் சீலில் கசிவு இருந்தால் முதலில் அவற்றைச் சரி செய்யுங்கள்.

அடுத்து, முன் சக்கரத்தைத் தரையில் இருந்து தூக்கி நிறுத்தி, போர்க் பைப்பில் சீலை ஒட்டி ஒரு ரப்பர் வளையம் போடுங்கள். வண்டியை இறக்கி, நண்பர் பிடித்துக்கொள்ள, பந்தய உடுப்போடு ஏறி உட்காருங்கள். மெதுவாக இறங்கி, மறுபடி சக்கரத்தைத் தூக்கி, சீலுக்கும் வளையத்துக்கும் உள்ள தூரத்தை அளங்கள். போர்க்கின் மொத்த ஓட்டம் 120 மில்லிமீட்டர் என்றால், இது 30 முதல் 40-க்குள் இருப்பது நல்லது.

அதிகமாக இருந்தால் ஸ்பிரிங்கின் மேல் ஒரு குழாய்த் துண்டு வைக்கலாம். இது வண்டியை உயர்த்துமே தவிர, ஸ்பிரிங்கைக் கடினமாக்காது. பிரேக்கில் இன்னும் அடிவரை அமுங்கினால் கடினமான ஸ்பிரிங் வேண்டும். சிலர் உள்ள ஸ்பிரிங்கையே வெட்டுகிறார்கள். சுருள்களில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் சுமார் 11 சதவீதம் கடினமாகும். வெட்டிய நீளத்துக்குக் குழாய் வைக்க வேண்டும். அளவு மீறி வெட்டினால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்.

ஆயிலில் நிதானம்

பிறகு ஆயில். அதைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் ஆட்டம் அடங்கும். மிகவும் கெட்டியானால் போர்க் மேட்டுக்கு மேடு திரும்பி எழாமல் அமுங்கியே கிடக்கும். ஆயில் மட்டத்தை உயர்த்தினால் மேலே உள்ள காற்று நெருங்கி, கடைசி அமுக்கத்தைத் தாங்கும். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டர் போதும். மீறினால் சீல் வெடிக்கும். இரண்டு கால்களிலும் மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பாருங்கள். நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

எங்கே ஓட்டுவது?

ஒரு காலத்தில் சென்னை அருகே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமானத் தளத்தில் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. போகுமுன் உங்கள் பிரிவின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள். சில பிரிவுகளில் போர்க்கின் உள்ளே கை வைக்கவே கூடாது.

லோனாவளா மலைப்பாதை பந்தயத் திடல் அல்ல. அங்கே எதிரே லாரி வரும். ஊருக்கு மணியார்டர் அனுப்பிய குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் நாம். நானா பேட் கடைவீதியில் கார்பரேட்டர் விலை கேட்பதற்கு முன்னால், நல்ல போர்க் ஆயிலும் ஒரு ஜோடி சீலும் என்ன விலை என்று கேளுங்கள்.