பிங் போகுது, ஃபைல் போகல: ஒரு மெயின்பிரேம் இணைப்பின் கதை

கல்வெட்டு, ஆற்றுப்படுகை என்றே எழுதிக்கொண்டிருக்கும் இடத்தில் இன்று என் தொழில் சம்பந்தமான ஒரு குறிப்பு. சர்வரையும் மெயின்பிரேமையும் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு என்றாவது ஒரு ராத்திரி உதவலாம்.

மெயின்பிரேம் என்றதும் மியூசியத்தில் இருக்கும் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது 1964-ல். சென்னை ஐஐடிக்கு 370/155 வந்தது 1973-ல். அந்த வம்சத்து இயந்திரங்கள் இன்றும் வங்கி, காப்பீட்டுக் கணக்குகளைச் சுமக்கின்றன. முன்னால் லினக்ஸ் சர்வர், பின்னால் மெயின்பிரேம், நடுவில் டிசிபி/ஐபி. இதுதான் வழக்கமான அமைப்பு.

எங்கள் வேலையும் அப்படித்தான். தினமும் ராத்திரி சர்வரிலிருந்து ஒரு ஃபைல் எஃப்டிபி வழியாக மெயின்பிரேமுக்குப் போகணும். அதில் இருப்பது மறுநாள் ஓய்வூதியம் வாங்கவேண்டியவர்களின் பட்டியல். ஃபைல் போகாவிட்டால் பேட்ச் ஓடாது, பேட்ச் ஓடாவிட்டால் பணம் போகாது.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி திருமுக்கூடல் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். டீமில் புதுசாகச் சேர்ந்த தம்பி கூப்பிட்டான். "அண்ணா, ஃபைல் போகல. கால் மணி நேரம் தொங்கிட்டு டைம் அவுட் ஆகுது." குரல் நடுங்கியது. காரணம், அந்த ஃபைலில் ஒரு புது காலம் சேர்த்து அன்றைக்குத்தான் அவன் மாற்றம் போட்டிருந்தான். காலில் இருந்த எல்லாரும் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். "பிங் போகுது, நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு" என்றார் நெட்வொர்க்காரர். "போர்ட் திறந்திருக்கு, எங்க பக்கம் ஒண்ணுமில்ல" என்றார் மெயின்பிரேம்காரர். மிச்சம் இருந்தது தம்பி மட்டும்.

நான் முதலில் கேட்டது: "தப்பான நீளத்தில் ரெகார்டு வந்தா மெயின்பிரேம் என்ன செய்யும்?" வெட்டிவிட்டதாகவோ ஏற்கமுடியாது என்றோ ஒரு செய்தி எண்ணோடு சொல்லும். இங்கே ஒரு செய்தியும் இல்லை. டேட்டாசெட் உருவாகியிருந்தது, உள்ளே காலி. அதாவது தம்பியின் புது காலம் நல்லதா கெட்டதா என்று சொல்லும் அளவுக்குக்கூட எதுவும் போய்ச் சேரவில்லை.

அடுத்து இரண்டு பக்கமும் நெட்ஸ்டாட் பார்த்தோம். மெயின்பிரேமில் இணைப்பு நிறுவப்பட்ட நிலையில் இருந்தது, வந்த பைட் பூஜ்யம். சர்வரில் அனுப்பக் காத்திருக்கும் வரிசை நிரம்பிக் கிடந்தது. டிசிபிடம்ப் போட்டால் ஒரே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே, சர்வர் அனுப்பிக்கொண்டிருந்தது. லினக்ஸ் இயல்பாக 15 தடவை இப்படி முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அந்தக் கால் மணி நேரக் கணக்கு இங்கேதான் இருக்கிறது.

"ரொம்பச் சின்ன ஃபைல் ஒண்ணு அனுப்பிப் பாரு" என்றேன். பத்து வரி. உடனே போய்விட்டது. புது காலம் அதிலும் இருந்தது!

அப்போதே விஷயம் பாதி விளங்கியது. உள்ளடக்கம் காரணமில்லை, பாக்கெட்டின் அளவுதான் காரணம்.

ரயில்வே சுரங்கப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் போகும், ஆட்டோ போகும். வைக்கோல் உயரமாக ஏற்றின லாரி போகாது. பிங் என்பது சைக்கிள். அது போய் வந்ததை வைத்து லாரியும் போகும் என்று சொல்லமுடியாது.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் பொதுவாக 1500 பைட் வரை போகலாம். ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 போனால் சரக்கு 1460. நடுவில் விபிஎன் டனல் இருந்தால் அது தன் உறையையும் சுற்றுவதால் உள்ளே இடம் குறையும். லினக்ஸ் தன் டிசிபி பாக்கெட்டுகளில் 'துண்டாக்காதே' என்ற குறியையும் வைத்தே அனுப்பும். டனல் வாசலில் இருக்கும் ரவுட்டர் அதைத் துண்டாக்க முடியாமல் கீழே போட்டுவிட்டு, "இவ்வளவுதான் போகும், சின்னதாக அனுப்பு" என்று ஒரு ஐசிஎம்பி செய்தியைத் திருப்பி அனுப்பும். வகை 3, குறி 4. சர்வர் அதைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்ளும். 1990-ல் வந்த ஆர்எஃப்சி 1191 சொல்லும் ஏற்பாடு இது.

ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் பல ஃபயர்வால்களில் பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐசிஎம்பியை அடைத்துவிடுகிறார்கள். "பாதை தாழ்வு, சரக்கை இறக்கு" என்று சொல்லவந்த ஆளை வாசலிலேயே நிறுத்தின கதை. லாரிக்காரனுக்குச் சேதியே வராது. 2000-லேயே ஆர்எஃப்சி 2923 இதைக் கருந்துளை என்று பெயர் சொல்லி எச்சரித்தது.

சோதிப்பது சுலபம். 'துண்டாக்காதே' குறியோடு பிங் அளவைக் கூட்டிப் பாருங்கள். 1472 பைட் கொடுத்தால், 28 தலைப்பு சேர்ந்து சரியாக 1500. எங்களுக்கு அது பதிலில்லாமல் போனது. 1372 போனது, 1373 போகவில்லை. ஆக நடுவில் எங்கோ 1400-தான் எல்லை.

"வாரக்கடைசியில் ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. சனிக்கிழமை இந்தப் போக்குவரத்தைப் புது டனலுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஞாயிறு சோதித்தது பிங் மட்டும்.

அந்த ராத்திரிக்கு, சர்வரில் மெயின்பிரேமுக்குப் போகும் ரூட்டில் மட்டும் அளவை 1400 என்று வைத்தோம். ஃபைல் முழுசாகப் போனது, பேட்ச் நேரத்துக்குள் ஓடியது. நிரந்தர வைத்தியம் இரண்டு: ஃபயர்வாலில் அந்த ஒரு ஐசிஎம்பி வகையை அனுமதிப்பது, டனல் ரவுட்டரில் டிசிபி சரக்கு அளவை 1360-க்கு மட்டுப்படுத்துவது. இரண்டையும் அந்த வாரமே செய்தார்கள்.

எங்கள் ஊர் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ம் நூற்றாண்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கு யார் வைத்தியர், அவருக்கு எவ்வளவு நெல், என்னென்ன மருந்து இருப்பு என்று வரிவரியாகப் பதிந்திருக்கிறார்கள். ஆள் மாறினாலும் சாலை நடக்கவேண்டுமே, அதற்காக. நம்மிடம் ஒரு டனலின் அளவு எந்தத் தாளிலும் இல்லை. மறுநாள் நான் செய்த முதல் வேலை, அந்த 1400-ஐ ஆவணத்தில் ஏற்றினது.

சுருக்கமாக: பிங் போனால் பாதை இருக்கிறது. போர்ட் திறந்தால் ஆள் இருக்கிறார். பெரிய பாக்கெட் போனால்தான் சரக்கு போகும். மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் ஆளைக் குற்றம் சொல்லுங்கள்.

தம்பி போட்ட மாற்றம்? ஒரு எழுத்துகூட மாறாமல் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு.