நெல்லில் இருக்கும் நீர்

கடப்பாக்கம் போன்ற கடலோர ஊர்களில் நெல்லை உலர்த்துவது எளிதன்று. காற்றிலேயே ஈரம் மிகுதி. நெல் விடும் நீரை அது மெதுவாகத்தான் ஏற்கும். ஆனால் அரசு கொள்முதலுக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது மத்திய அரசின் விதி. விதி காரணமின்றி வந்ததன்று. நெல்மணி உயிருள்ளது, ஈரம் மிகுந்தால் அதன் சுவாசம் விரைவடைந்து குவியல் சூடேறும், பூசணம் பிடிக்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 20 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 80 கிலோ. ஈரம் 17 விழுக்காடானால் மொத்த எடை சுமார் 96.4 கிலோ. ஆக, வெளியேற வேண்டிய நீர் 3.6 கிலோதான்! அதை ஆவியாக்க ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரத்தின் வெப்பம் போதும். (எந்திரத்தில் வீணாகும் வெப்பம் தனி.) இவ்வளவு வெப்பம் கிடைக்காமல்தான், அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டால் உழவர் சாலையோரத்தில் நெல்லுக்குக் காவல் இருக்கிறார்.

2022 அக்டோபரில் தமிழக அரசு 22 விழுக்காடு கேட்டது. தில்லி 19 வரை இசைந்தது. மழைக்கு மழை கடிதம் எழுதுவதைவிடக் கொள்முதல் நிலையந்தோறும் உலர்த்தும் எந்திரம் வைப்பதே மேல் என்பேன். அதற்குப் பணம் ஒதுக்குவது அரசியல் முடிவு. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் ஆதார விலையைக் கேட்கிறீர்கள் அல்லவா? நம் வட்டத்தில் எத்தனை நிலையங்களுக்கு உலர்த்தி வரும் என்றும் கேளுங்கள்.