பட்டாளத்துக்குப் போன பாட்டன்: அன்றும் இன்றும்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் ‘பட்டாளத்துக்காரர் வீடு’ என்று சில வீடுகளுக்கு இன்றும் பெயர் உண்டு. அங்கே இப்போது குடியிருப்பவர் பள்ளி ஆசிரியராகவோ சிமெண்ட் ஆலைத் தொழிலாளியாகவோ இருப்பார். பட்டாளத்துக்குப் போனவர் அவருடைய தாத்தாவோ பூட்டனோ. எந்தப் படை, எந்த நாடு என்று கேட்டால், “ஜெர்மன் சண்டைக்குப் போனாராம்”, “பர்மா சண்டையில செத்துட்டாராம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதற்கு மேல் தேட வழியில்லாமல்தான் நெடுங்காலம் போயிற்று. இப்போது வழி பிறந்திருக்கிறது. தேடுவதற்கான முதல் தகவலோ வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களோடு சேர்ந்து போய்க்கொண்டும் இருக்கிறது.

1914-இல் இந்தச் சீமை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் பொய்த்த வருஷத்தில், மாதம் 11 ரூபாய் சிப்பாய்ச் சம்பளம் ஒரு குடும்பத்தைத் தாங்கும். முதல் உலகப் போருக்குச் சென்னை மாகாணம் அனுப்பிய படைவீரர்களும் உதவிப் பணியாளர்களும் 90 ஆயிரத்துக்கும் மேல். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையினர் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், பாதையும் பாலமும் அமைத்தார்கள். ஆனாலும் தெற்கத்தியவர்களுக்குப் போர்க்குணம் போதாது என்று ஆங்கிலத் தளபதிகள் முடிவு கட்டியிருந்தார்கள். 1920-களில் பழைய மதராஸ் பட்டாலியன்கள் கலைக்கப்பட்டன. ஜப்பானியப் போர் நெருங்கியதும், 1941-இல் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடியும் திரட்டினார்கள். 1945-இல் இந்திய ராணுவத்தின் பலம் சுமார் 25 லட்சம்.

இத்தனை பேரை அனுப்பிய அரசு அவர்களை எப்படி நினைவில் வைத்தது? வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 போருக்கு அங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேயச் சிப்பாயின் பெயர் பொறிக்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே நின்றார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-இல்தான் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. முதல் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 45 ஆயிரம் பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது.

அரசு பெயரை விட்ட காலத்தில் ஊர்தான் பெயரைக் காத்தது. கிராம முன்சீப்பிடம் பிறப்பு, இறப்புப் பதிவேடு இருந்தது. கர்ணத்திடம் நிலக்கணக்கு இருந்தது. குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது தலைக்கட்டு வரி நோட்டில் வீடு வீடாகப் பெயர் ஏறும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலிலோ கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலிலோ முடியிறக்க வந்த இடத்தில், வயதானவர் ஐந்து தலைமுறையைத் தடங்கலில்லாமல் சொல்லி முடிப்பார். ஏலாக்குறிச்சி, வரதராஜன்பேட்டை போன்ற கிறிஸ்தவ ஊர்களில் ஞானஸ்நானப் பதிவேடு அந்த வேலையைச் செய்தது.

இன்று நிலைமை தலைகீழ். 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்தன. பங்காளிகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்துபோனார்கள். அதே சமயம், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியிலேயே தேடலாம். ரங்கூன், சிங்கப்பூர் நினைவுச் சுவர்களில் உள்ள பெயர்களும், சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் உள்ள பெயர்களும் அதில் கிடைக்கின்றன.

தேடுபவர் சறுக்குவது பெரும்பாலும் ஊர்ப் பெயரில். பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது 1995-இல். அரியலூர் 2001-இல் பிரிந்து, மறு வருஷமே இணைந்து, 2007-இல் மறுபடி தனி மாவட்டமானது. போர்க்கால ஆவணத்தில் இந்த மாவட்டங்கள் இருக்க முடியாது. இருப்பது ‘டிரிச்சினோபொலி’ ஜில்லா. அதற்குள் பெரம்பலூர் தாலுகா, உடையார்பாளையம் தாலுகா. அரியலூரும் உடையார்பாளையத்துக்குள் அடங்கியிருந்தது. பெயரின் ஆங்கில எழுத்தையும் நாலைந்து விதமாக மாற்றித் தேட வேண்டும்.

உயிரோடு திரும்பியவர் இந்தக் கல்லறைப் பதிவுகளில் வரமாட்டார். அவருக்குப் பதக்கம்தான் சாட்சி. தட்டாரிடம் போகாமல் ஒரு வெள்ளிப் பதக்கம் பெட்டியடியில் தப்பியிருந்தால், ராஜாவின் தலையையும் குதிரைவீரனையும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். விளிம்பைத் திருப்பி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்று பொடி எழுத்தில் ஓடும். விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். அந்த எண் கையில் இருந்தால் பெங்களூரில் சாப்பர்ஸ் ஆவண அலுவலகத்துக்கோ, மதராஸ் ரெஜிமெண்டுக்கோ எழுதிக் கேட்கலாம். மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என்றால், டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அந்தப் படை பற்றிய 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் அங்கே ஒப்படைத்தது.

ஒன்று என்னை உலுக்குகிறது. இரண்டாம் போரில் இறந்த இந்திய வீரர்கள் பலரின் பதிவில், இன்னாரின் மகன் என்பதோடு, இன்னாளின் கணவர் என்றும் மனைவியின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். நம் வம்சாவளி நோட்டுகளிலோ ஆண்கள் பெயர்தான் வரிசையாக இறங்கும். மணியார்டருக்காகக் காத்திருந்து, கைக்குழந்தையோடு காட்டு வேலைக்குப் போய், அந்தக் குடும்பத்தை நிலைநிறுத்தியவள் பெயர் அதில் இல்லை.

ஆகவே அடுத்த முறை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகும்போது நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த அத்தையிடம் முதலில் கேளுங்கள்: போனவரின் அப்பா பெயர் என்ன, எந்த வருஷம் போனார், கடிதம் எங்கிருந்து வந்தது, அவர் பெண்டாட்டி எந்த ஊர், அவள் பெயர் என்ன? ஆவணம் பத்து வருஷம் கழித்தும் டெல்லியில் இருக்கும். அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.