பெயரில் ஒரு எழுத்து போனால் ஈடும் போகும்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒருவர். ஓட்டுநர் உரிமத்தில் அவருடைய நடுப்பெயர் "மார்க்ட்". ஆமாம், கடைசியில் ஒரு "டி" உண்டு. அவருக்கு விவசாய இயந்திரக் கடன் கொடுத்த நிறுவனம் அரசுப் பதிவேட்டில் அந்தப் பெயரை "மார்க்" என்று பதிந்துவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். மார்க்ட் என்று பார்த்தால் தட்டச்சுப் பிழை என்றுதானே தோன்றும்? 2017ல் திவால் நீதிமன்றம் அந்தப் பதிவு செல்லாது என்று சொல்லிவிட்டது.

வேலையில் ஒரு பெயர் ஒப்பீட்டு நிரல் எழுதப் போய் இந்த வழக்குகளில் விழுந்தேன். நான் வக்கீல் இல்லை, பி.இ. படித்த நிரலாளன். ஆனா இது சட்டம் பாதி, டேட்டாபேஸ் பாதி. அந்த இரண்டாவது பாதி நம்ம ஏரியா.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். நிலத்தை ஈடு வைத்தால் சர்வே எண் இருக்கு, அதை வைத்து வில்லங்கம் பார்க்கலாம். டிராக்டர், கடைச் சரக்கு, வரவேண்டிய பாக்கி இதெல்லாம் ஈடாக வந்தால்? கடையில் இருக்கும் சரக்கு இன்றைக்கு இருக்கும், நாளைக்கு விற்றுப்போகும். அதற்கு ஏது எண்? அதனால் அமெரிக்காவில் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, கடன் கொடுத்தவர் யுசிசி-1 என்ற ஒரு படிவத்தை மாநில அலுவலகத்தில் பதிகிறார். "இவருடைய இந்தச் சொத்துகள் மேல் எனக்கு உரிமை இருக்கு" என்று ஊருக்கு அறிவிக்கிற பலகை மாதிரி. பலகை கடனாளியின் பெயரில் அடுக்கப்படுகிறது. அடுத்து கடன் கொடுக்க வருபவர் அந்தப் பெயரைப் போட்டுத் தேடுவார். டேட்டாபேஸ் ஆட்களுக்குச் சொல்வதானால், இங்கே தேடல் சாவியே கடனாளியின் பெயர்தான். மனிதப் பெயரைச் சாவியாக வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

பெயர் தப்பாகப் பதிவானால் கடன் ரத்தாகாது. கடனாளி கட்டத்தான் வேண்டும். அவர் திவாலாகும் வரை பிழை யார் கண்ணிலும் படாமலே கிடக்கலாம். திவாலானதும், நீதிமன்றம் அமர்த்தும் நிர்வாகி வந்து பதிவேட்டைத் தேடுவார். பதிவு சிக்கவில்லை என்றால் ஈட்டு உரிமையை உடைத்துவிடுவார். டிராக்டரை நம்பிக் கடன் கொடுத்தவர், ஈடே இல்லாத மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

எவ்வளவு பிழை வரை தாங்கும் என்பதற்குச் சட்டம் ஒரு சோதனை வைத்திருக்கிறது. சரியான பெயரைப் போட்டு, அந்த அலுவலகத்தின் வழக்கமான தேடல் விதிப்படி தேடும்போது பிழையான பதிவும் வந்து விழுந்தால் தப்பித்தது. விழாவிட்டால் செல்லாது. படிக்கிற மனிதனுக்கு ஆள் யார் என்று விளங்குமா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. ஒரு நிரலின் வெளியீடு வழக்கைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திகிலாகவே இருந்தது.

கேன்சஸில் டெரன்ஸ் என்ற விவசாயியை எல்லோரும் டெரி என்றே கூப்பிடுவார்கள். பதிவும் டெரி என்றே போனது. முதல் நீதிமன்றம் பரவாயில்லை என்றது. 2004ல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது, சட்டப்படியான பெயர்தான் வேண்டும் என்று. ஜார்ஜியாவில் 2003ல் வந்த வழக்கு இன்னும் வேடிக்கை. "நெட்வொர்க் சொல்யூஷன்ஸ்" என்ற கம்பெனியை "நெட் வொர்க்" என்று நடுவில் இடம் விட்டு அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு ஸ்பேஸ், பதிவு போச்சு. யூட்டாவில் 2006ல் வேறு மாதிரி: கம்பெனியின் பெயரில் கே.டபிள்யூ.எம். என்று புள்ளிகள். பதிந்தவர் புள்ளிக்குப் பதில் இடைவெளி விட்டார். அங்கேயும் அதே முடிவு.

பல மாநிலங்களின் தேடல் விதிகள் இப்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நிறுத்தக்குறி, இடைவெளி, கடைசியில் வரும் இன்க், எல்எல்சி போன்ற வால்களைக் கண்டுகொள்வதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதுதான் தலைவலி.

புளோரிடா கதை தனி. அங்கே தேடினால் விடை என்று ஒன்று வராது. அகரவரிசையில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலிருந்து 20 பெயர்கள் வரும். முன்னே, பின்னே என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே போனால் முழுப் பதிவேட்டையும் பார்த்துவிடலாம். "1944 பீச் புலவார்ட், எல்எல்சி" என்ற கம்பெனியின் பதிவில், புலவார்ட் என்பதை நம்ம ஊரில் "ரோடு" என்பதை "ரோ." என்று எழுதுவது போலச் சுருக்கிப் போட்டிருந்தார்கள். கடன் கொடுத்த வங்கி, "பொத்தானை அமுக்கினால் எங்கள் பதிவு தெரிகிறதே" என்று வாதாடியது. 2022ல் புளோரிடா உச்ச நீதிமன்றம் சொன்னது: எல்லாப் பதிவையும் காட்டுகிற ஏற்பாடு தேடல் விதியே ஆகாது, விதியே இல்லாத இடத்தில் மன்னிப்புச் சலுகையும் இல்லை, ஆகவே பெயர் சரியாக இல்லாவிட்டால் பதிவு செல்லாது. ஒரு நிரலாளனாக எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. எதைக் கேட்டாலும் முழு அட்டவணையையும் திருப்பித் தரும் வினவலை நாம் தேடல் என்போமா? ஆனா மென்பொருள் மாநிலத்துடையது, நஷ்டம் வங்கிக்கு. அது நியாயமா என்பது வேறு கேள்வி.

சரி, தனிமனிதருக்கு எது சட்டப்படியான பெயர்? பிறப்புச் சான்றிதழா, பாஸ்போர்ட்டா, கல்யாணத்துக்குப் பின் மாற்றியதா? இந்தச் சண்டையை ஒழிக்க 2010ல் திருத்தம் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான மாநிலங்களில் 2013 ஜூலை 1 முதல் நடைமுறை. அவற்றில் பல, கடனாளியிடம் அந்த மாநிலத்தின் காலாவதியாகாத ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதில் உள்ளபடியே எழுத வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொண்டன. இண்டியானாவும் அப்படித்தான். அதனால்தான் அந்த ஒரு "டி" அவ்வளவு பெரிதானது.

இங்கே நம்ம ஆட்கள் கவனிக்கணும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று போடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். அது அப்படியே உரிமத்திலும் ஏறிவிடுவதுண்டு. என் நண்பர் ஒருவருக்கு அப்பா பெயர் முதல் பெயராகவும் அவர் பெயர் குடும்பப் பெயராகவும் உரிமத்தில் இருக்கிறது. கடைக்காரர், வங்கி, வரி ஆபீஸ் எல்லோரிடமும் வேறு வேறு வரிசை. அவருக்குக் கடன் கொடுப்பவர் அவர் சொல்கிற பெயரை எழுதினால் தொலைந்தார். உரிமத்தை வாங்கிப் பார்த்து, எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதை அப்படியே எழுதணும். சந்தேகம் இருந்தால் மற்ற வடிவத்தைக் கூடுதல் கடனாளிப் பெயராக அதே படிவத்தில் சேர்த்துவிடலாம்.

கம்பெனி என்றால், அது மாநிலத்தில் தாக்கல் செய்த அமைப்புப் பத்திரத்தில் உள்ள பெயர்தான் மூலம். இணையப் பதிவேட்டின் திரையில் பெயர் சுருக்கப்பட்டிருக்கலாம், அதை நம்பக்கூடாது. கடைப் பலகையில் உள்ள வணிகப் பெயர் மட்டும் போதாது. தனிமனிதர் பெயரைக் கம்பெனிக்கான கட்டத்தில் போட்டாலும் ஆபத்து. கடனாளி பின்னால் பெயரை மாற்றி, பழைய பதிவு தேடலில் சிக்காமல் போனால், மாறிய நாலு மாதத்துக்குள் திருத்தம் போடாவிட்டால் அதன் பிறகு வந்த சொத்துக்கு அந்தப் பதிவு உதவாது.

பதிந்து முடித்ததும் ஒரு வேலை பாக்கி. உரிமத்திலோ பத்திரத்திலோ உள்ள சரியான பெயரை, படிவத்திலிருந்து நகலெடுக்காமல் தனியாக அடித்து, அந்த மாநிலத்தின் தேடலில் போட்டுப் பார்க்கணும். நம்ம பாஷையில் யூனிட் டெஸ்ட். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

தேடுகிற பக்கத்தில் இருப்பவர் மட்டும் இந்தக் கறார் விதியை நம்பி உட்காரக்கூடாது. மிச்சிகனில் ஒரு கம்பெனி மேல் மத்திய வரித்துறை பதிந்த வரிப் பாக்கி அறிவிப்பில் "மேனுஃபாக்சரிங்" என்ற சொல் சுருக்கமாக இருந்தது. சரியான பெயரைப் போட்டுத் தேடிய கடன் நிறுவனத்துக்கு அது கிடைக்கவில்லை. 2005ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், வரித்துறையின் அறிவிப்பை இந்த மாநில விதி கட்டுப்படுத்தாது, அது செல்லும் என்றது. ஆக, பதியும்போது ஒரே பெயர், ஒரு புள்ளி பிசகாமல். தேடும்போது சுருக்கம், செல்லப்பெயர், இடைவெளி விட்டது, விடாதது எல்லாவற்றையும் போட்டு.